அறுநூற்றுப் பன்னிரண்டாம் நாள்

டிசம்பர் முப்பத்தொன்று. ஈரி ஏரிப் பக்கமிருந்து
பனி பக்கவாட்டில் வந்து அறைகிறது.
கடைசி வரிசையில், கொடிக்கம்பத்துக்கு அருகில்
அந்தப் பிஸ்தாப் பச்சை ஸ்போர்ட்ஸ் கார்.
இரண்டே சீட். கூரை திறக்கும்.
ஆறு மாதம் பனி பெய்யும் ஊருக்கு
இதை யார் ஆர்டர் போட்டது என்று
இன்றுவரை ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை.

காகிதத்தில் அது புத்தம் புதுசு.
பத்தொன்பது மைல் ஓடியிருக்கிறது,
அதில் பதினொன்று நான் மதிய இடைவேளையில் ஓட்டியது.
அதற்குப் பின் பிறந்த தம்பிகள் எல்லாம்
விற்றுப் போய்விட்டார்கள்.
இது மட்டும் நின்ற இடத்தில் நின்று
மாதாமாதம் வங்கி வட்டி தின்கிறது,
ஓடாத குதிரை கொள்ளு தின்பதுபோல.

லோர்னா விஷ்னெவ்ஸ்கி நான்காவது முறையாக வந்தார்.
பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பூட்ஸிலிருந்த பனியை
வாசல் மிதியடியில் நிதானமாகத் தட்டினார்.
"இன்னும் நிக்குதா?" என்றார், காணாதவர்போல.
"நேத்துகூட ரெண்டு பேர் பார்த்துட்டுப் போனாங்க" என்றேன்.
இரண்டு பேர் வந்தது உண்மை,
கழிப்பறை எங்கே என்று கேட்க.

கைக்குட்டை அளவு நோட்டுப் புத்தகம் எடுத்தார்.
டயர் நான்கும் ஒருபக்கம் அழுந்திக் கிடக்கின்றன.
பேட்டரி உயிரோடு இருந்தால் ஆச்சரியம்.
நீங்கள் இறக்கி அறுநூற்றுப் பன்னிரண்டு நாள்.
நானே அவ்வளவு சரியாக எண்ணியதில்லை.

ஒட்டிய விலை நாற்பத்தோராயிரத்து எண்ணூறு.
நான் முப்பத்தாறு தொள்ளாயிரம் என்றேன்.
அவர் முப்பதரை என்றார்.
"கட்டுப்படியாகாதுங்க" என்றேன், நெஞ்சில் கைவைத்து.
"நிக்கிறது மட்டும் கட்டுப்படியாகுதா?"

மேலாளரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.
உள்ளே வெர்ன் தக்காளி சூப் குடித்துக்கொண்டிருந்தார்.
எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.
முப்பத்திரண்டு வரை இறங்கலாம் என்று
காலையிலேயே சொல்லிவிட்டார்.
"நாலு நிமிஷம் நில்லு" என்றார்.
நின்றேன். பனிவாரி வண்டி ஒன்று போனது.
பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினேன்.

"முப்பத்து நாலரை. என் கமிஷனே போச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை.
நாலரை மணிக்கே இருட்டிவிட்ட ஜன்னலைப் பார்த்தார்.
அதில் என் முதுகுக்குப் பின்னாலிருந்த வெள்ளைப் பலகை
தலைகீழ் எழுத்தில் தெளிவாகத் தெரிந்தது:
மாத இலக்கு நாற்பது. விற்றது முப்பத்தொன்பது.
"முப்பது வருஷமா பிள்ளைங்களை
கண்ணாடியிலதான் பார்க்கறேன்" என்றார்.
"யார் யாரைக் கிள்ளினான்னு திரும்பாமலே சொல்லுவேன்."

அதற்குப் பிறகு பேரம் என்று எதைச் சொல்வது?
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிற கதைதான்.
முப்பத்து மூன்றரை. முப்பத்து மூன்று.
ஒரு தடவை எழுந்து கோட்டுப் பட்டன்கூடப் போட்டார்.
நான் காபி ஊற்றினேன். உட்கார்ந்தார்.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்றைம்பதில்
இருவரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினோம்.

கையெழுத்துப் போட்டபின் பேனாவை மூடிக்கொண்டு
"முப்பத்து நாலு வரைக்கும் கொண்டுவந்திருந்தேன்" என்றார்
சின்னச் சிரிப்போடு.
எனக்கும் நாக்கு நுனிவரை ஒரு எண் வந்தது.
விழுங்கிவிட்டேன். எழுந்து போய்
கால்மிதி விரிப்பு ஒரு செட் எடுத்து
இலவசம் என்று நீட்டினேன்.

பேட்டரி செத்துத்தான் இருந்தது.
வெர்ன் சூப்பை வைத்துவிட்டு, கோட்டு இல்லாமல்
தன் பிக்கப்பைக் கொண்டுவந்து வயர் மாட்டினார்.
மூன்றாம் முறை இருமிப் பற்றிக்கொண்டது.
அந்தக் குளிரில் லோர்னா கூரையைத் திறந்தார்,
வேலை செய்கிறதா என்று பார்க்கவாம்.
திறந்தது. மூடவில்லை.

தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு
ரயில் தண்டவாளத்துக்கு முன்னால்
ஒரு முழு நிறுத்தம் நின்று
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார்.

அது நின்ற இடத்தில் நீள்சதுரமாகக் கருந்தார்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது.
பலகையில் நாற்பது எழுதப் போனேன்.
மார்க்கர் காய்ந்துகிடந்தது.